நூத்தறுபத்தஞ்சு ஃப்ரேம்

வாங்க, மேல வாங்க. படி கொஞ்சம் செங்குத்து, கைப்பிடியப் புடிச்சுக்கோங்க. செருப்பு அங்கயே கெடக்கட்டும். பொள்ளாச்சியில இருந்துங்களா? கணபதியில இந்தச் சந்தக் கண்டுபுடிக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருக்குமே. உக்காருங்க. அந்த சீட்டுல வேண்டாம்ங்க, அது பெடலோட சேர்ந்தது. காலை நீட்டினா நேரா ஆக்சிலேட்டர்ல போய் நிக்கும். இந்த ஸ்டூல்ல உக்காருங்க.

இதுதான் கம்ப்யூட்டர். போட்டோவுல பாத்த அதேதான். மானிட்டர், ஸ்டீயரிங், பெடல் எல்லாம் சேர்த்துத்தான் குடுக்கறது. பிரிச்சுக் குடுக்கறதில்ல. எதுக்குங்க வாங்கறீங்க?

கல்யாண வீடியோ எடிட் பண்றதுக்கா.

சரிங்க. நான் ஒண்ணும் சொல்லல. ரேஸ் குதிரைய வாங்கிட்டுப் போயி ஜட்கா வண்டியில பூட்டறேன்னாலும் வாங்கறவங்க இஷ்டம். உங்க வீடியோவெல்லாம் செகண்டுக்கு எத்தனை ஃப்ரேம் ஓடும்? இருபத்தஞ்சு. ம். இருபத்தஞ்சுல மாப்பிள்ளை தாலி கட்டறாரு, இருபத்தஞ்சுல பொண்ணோட அம்மா கண்ணத் தொடைக்கறாங்க. மேடையில எவன் ஓடறான்? எல்லாரும் போட்டோவுக்கு நின்ன மாதிரியே நிக்கறாங்க. அதுக்கு இருபத்தஞ்சே எச்சுதான்.

இதப் பாருங்க, ஆன் பண்றேன். மேல இடது மூலையில பச்சையா ஒரு நம்பர் தெரியுதுங்களா? நூத்தறுபத்தஞ்சு. ஒரு செகண்டுக்கு நூத்தறுபத்தஞ்சு படம் வரைஞ்சு இந்த மானிட்டர்ல காட்டுது. மனுசக் கண்ணுக்கு இருபத்திநாலுக்கு மேல தெரியாதுன்னு ஒரு கூட்டம் சொல்லிக்கிட்டுத் திரியுது. என்ற மச்சான் அதுல ஒருத்தன், பேங்க்ல மேனேஜரா இருக்கான். அவனை இந்த சீட்டுல உக்கார வெச்சு முப்பதையும் காட்டினேன், நூத்தறுபத்தஞ்சையும் காட்டினேன். ரெண்டும் ஒண்ணாட்டத்தான் தெரியுது மாமான்னு சொல்லிட்டு, சட்டையில காராசேவுத் தூளத் தட்டிக்கிட்டு எறங்கிப் போனான். அவன்கிட்டதான் ஊர்ச்சனம் லோன் கேட்டு நிக்குது.

நான் யாரையும் மட்டம் தட்டற ஆளில்லீங்க. ஆனா உண்மைய உண்மைன்னு சொல்லோணுமில்ல.

கணக்கு சொல்றேன் கேளுங்க. நூத்தியெம்பதுல போற வண்டி ஒரு செகண்டுக்கு அம்பது மீட்டர் போகும். முப்பது ஃப்ரேம்ல ஓட்டறவனுக்கு ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவுல ஒண்ணரை மீட்டருக்கு மேல காணாமப் போயிருது. அதுல என்ன இருந்துச்சுன்னு அவனுக்குத் தெரியாது. எனக்கு ஒரு அடிதான் போகும். ஒவ்வொரு அடிக்கும் ஒரு படம். பிரேக் எங்க மிதிக்கோணும், ஸ்டீயரிங்க எங்க ஒடிக்கோணும், முன்னாடி போறவன் எப்பத் தடுமாறறான், எல்லாம் எனக்கு முதல்லயே தெரிஞ்சுரும். முப்பதுல ஓட்டறதும் கண்ணச் சிமிட்டிச் சிமிட்டி ரோட்டுல போறதும் ஒண்ணுதான்.

ஏன் விக்கறேன்னு கேக்கறீங்க. கேக்கறது நியாயந்தான். இவ்வளவு பெருமை பேசறவன் ஏன் விக்கறான்னு எனக்கும்தான் தோணும். ஆட்டம் மட்டமாப் போச்சுங்க, அதான். இந்த ஊர்ல இந்த ஆட்டத்த ஆடற தகுதி இருக்கறவங்க இல்ல. முழுசாக் கேட்டீங்கன்னா உங்களுக்கே புரியும்.

மார்கழியில எங்க ஊர் கார் ரேஸ் கேம் லீக் ஆரம்பிச்சுது. பத்து ரேஸ். ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்கு, பதினெட்டுப் பேரும் அவங்கவங்க எடத்துல இருந்தே நெட்டுல ஓட்டறது. நடத்தறது இம்தியாஸ் சார். பாலிடெக்னிக்ல கம்ப்யூட்டர் வாத்தியார். பாடம் நடத்தறாரோ இல்லையோ, ரேஸ் நடத்துவாரு. நிஜ வண்டி ஓட்டற டீம் ஒண்ணு இங்க இருக்குதுங்க, அவங்ககிட்டப் பேசி ஒரு பரிசு வாங்கி வெச்சிருந்தாரு. பத்து ரேஸும் முடிஞ்சு புள்ளியில முதல்ல நிக்கறவங்களுக்கு, அந்த டீம்ல ஒரு வருசம் நிஜ ரேஸ் வண்டி ஓட்ட சீட்டு. ரெண்டாவது வர்றவங்களுக்கு, ஒரு நாள் டிராக்ல கூட்டிட்டுப் போயி அஞ்சு சுத்து விடுவாங்க.

அந்த சீட்டுதான் எனக்கு வேணும். மத்ததெல்லாம் எனக்கு எதுக்குங்க? எங்கப்பா வார்ப்படப் பட்டறை வெச்சிருந்தாரு, மோட்டார் பம்புக்கு பாடி ஊத்தறது. எனக்கு இருபது வயசுல, செட்டிபாளையம் பக்கம் டிராக்ல வண்டி ஓட்டப் பழகறேன்னு கேட்டேன். மோகனசுந்தரம், உனக்குக் கை கால் நல்லா இருக்கறது புடிக்கலையான்னு கேட்டாரு. அதோட முடிஞ்சுது. அப்பத்துல இருந்து பட்டறைதான். இப்ப எனக்கு நாப்பத்தொண்ணு. இந்த வயசுல வேற எவன் சீட்டுக் குடுப்பான்? இந்தப் பத்து ரேஸ் எனக்குன்னே வந்த மாதிரி இருந்துச்சு. சத்தியமா அப்படித்தான் நெனச்சேன்.

அதுக்காகத்தான் இத வாங்கினது. கேம்ல என்ற பேரே 'மோகன் 165'ன்னு வெச்சேன். பேரப் பாத்தாலே எவனும் ஒதுங்கி வழி விடோணும்னுதான்.

முதல் ரேஸ் ஜெயிச்சேன். ரெண்டாவது வந்தது ஒரு பொண்ணு. மெர்லின்னு பேரு. சிங்காநல்லூர்ல டிரைவிங் ஸ்கூல் ஒண்ணுல கத்துக் குடுக்குது. உங்களுக்குத் தெரியுமே, எல் போர்டு வெச்சு, பக்கத்து சீட்டுக்கும் தனியா பிரேக் வெச்ச வண்டி. ரோட்டுல மாட்டு வண்டியாட்டம் போயி பின்னாடி வர்றவன் உசிர வாங்குமே, அது. கிரவுண்டுல எட்டுப் போடக் கத்துக் குடுக்கற பொண்ணு. இருபத்தாறு வயசு இருக்கும்.

ரேஸ் முடிஞ்சதும் ஹெட்போன்ல எல்லாரும் பேசிக்குவோம். நான் பெருந்தன்மையா, "நல்லா ஓட்டினம்மா, உன்ற கம்ப்யூட்டர்ல எத்தனை ஃப்ரேம் வருது?"ன்னு கேட்டேன்.

"முப்பதுண்ணா."

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. மைக்க ஆஃப் பண்ணாமயே சிரிச்சுட்டேன். "முப்பதுன்னா எங்கயாச்சும் போயி ஃபாரம் ஃபில் பண்ணலாம்மா, ரேஸ் ஓட்ட முடியாது"ன்னு சொன்னேன்.

"ஃபாரம் ஃபில் பண்ற கம்ப்யூட்டர்தாண்ணா இது. எல்எல்ஆர் அப்ளை பண்றதெல்லாம் இதுலதான். ஞாயித்துக்கிழமை ஆபீஸ் லீவு, ஓனர் ஓட்டிக்கச் சொல்லிட்டாரு."

அப்படியா பாருங்க. ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு ஃபாரம் அனுப்பற கம்ப்யூட்டர். மரமெல்லாம் வெறும் பச்சை டப்பாவாத் தெரியற மாதிரி எல்லாத்தையும் கொறைச்சு வெச்சுக்கிட்டு ஓட்டுது.

ரெண்டாவது ரேஸ் நான். மூணாவது ரேஸ் அந்தப் பொண்ணு.

நான் ஒண்ணும் பெருசா எடுத்துக்கலீங்க. முதல் வளைவுல நாலு வண்டி மோதி ஒரே பொகை. பொகை வந்தா படம் வரையறதுக்குப் பளு ஜாஸ்தி, என்ற நம்பர் நூத்தறுபத்தஞ்சுல இருந்து தொண்ணூறுக்கு விழுந்துருச்சு. திடீர்னு விழுந்தா கையில ஒரு வெட்டு வெட்டும், பிரேக் மிதிக்கறது தப்பிப் போயிரும். அதனால தோத்தேன். அடுத்த வாரமே கிராஃபிக்ஸ் கார்டு மாத்தினேன். நாலாவது ரேஸ் ஜெயிச்சேன். அஞ்சாவது மறுக்கா அந்தப் பொண்ணு. அதுக்குப் பொகையும் இல்ல, ஒண்ணும் இல்ல. வெயில்ல ஃபேன் சூடாயிருச்சுன்னு இந்த ரூமுக்கு ஏசி மாட்டினேன்.

அப்புறம் ஒரு நாள் கேட்டேன், எப்படிம்மா முப்பதுல பிரேக் எடம் தெரியுதுன்னு. என்ன சொல்லுச்சு தெரியுங்களா? "பாத்து மிதிக்கறதில்லண்ணா. விட்டா என் கம்ப்யூட்டர் முப்பத்தி ரெண்டுக்கும் நாப்பத்தெட்டுக்கும் ஏறி எறங்கும். அதான் முப்பதுல கட்டிப் போட்டு வெச்சிருக்கேன். கம்மியா இருந்தாலும் ஒரே மாதிரி வருதில்ல, கைக்குப் பழகிருச்சு. வளைவுக்கு முன்னாடி வர்ற மீட்டர் போர்டு தாண்டினதும் மனசுக்குள்ள ஒண்ணு ரெண்டு எண்ணுவேன், மிதிப்பேன்."

எண்ணி மிதிக்குதாம். ஒண்ணாங் கிளாஸ் புள்ளையாட்டம் எண்ணிக்கிட்டு ரேஸ் ஓட்டுது. இதக் கேட்டு மத்தவங்க பதினாறு பேரும், சூப்பரு, சூப்பருங்கறாங்க. அதுல ரெண்டு பேரு அடுத்த வாரமே அவங்க கம்ப்யூட்டரையும் அறுபதுல கட்டிப் போட்டுட்டாங்க. அறிவு எந்த அளவுக்கு இருக்குதுன்னு பாத்துக்கோங்க. ஃபுல் மீல்ஸுக்குக் காசு கட்டிட்டு அரை வயிறு சாப்புடற கூட்டம்.

மோர் எடுத்துக்கோங்க. அது என்ற வீட்டுக்காரம்மா, கோதை. போதும் கோதை, சாருக்கு ரெண்டாவது டம்ளரெல்லாம் வேண்டாம், நாங்க வேலையாப் பேசிக்கிட்டிருக்கோம். நீ கீழ போ.

எங்க விட்டேன்? ஆங். எட்டு ரேஸ் முடிஞ்சப்ப நானும் அந்தப் பொண்ணும் புள்ளியில சமம். இன்னும் ரெண்டே ரேஸு. எனக்கு ராத்திரி பகல் இதே நெனப்பு. பட்டறையில இரும்பு ஊத்தறப்பக் கூட இதே நெனப்பு. முப்பதுல ஓட்டற ஒரு பொண்ணு நூத்தறுபத்தஞ்சுல ஓட்டற எனக்குச் சமமா எப்படி வரும்? வர முடியாதில்ல. அப்ப ஏதோ தில்லுமுல்லு இருக்கோணும். அந்தப் பொண்ணு பண்ணுதுன்னு நான் சொல்லல. கேம் பண்ணலாமில்ல.

யோசிச்சுப் பாத்தேன். வண்டி எங்க இருக்கு, சக்கரம் எங்க பதியுதுன்னு கம்ப்யூட்டர்தானே கணக்குப் போடுது. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கணக்கு. எனக்கு நூத்தறுபத்தஞ்சு கணக்கு, அந்தப் பொண்ணுக்கு முப்பதே முப்பது. கம்மியாக் கணக்குப் போட்டா தப்பெல்லாம் கண்ணுல படாமத்தானே போகும்? சக்கரம் வழுக்கறதக் கூடக் கண்டுக்காம விட்டுரும். எனக்கு மட்டும் ஒவ்வொரு சின்ன வழுக்கலுக்கும் கணக்கு எழுதி வெச்சுத் தண்டனை. இதான் விசயம்னு புடிச்சேன். எங்க லீக்ல வேற எவனுக்கும் இது தோணல. தோணறதுக்கு மண்டையில கொஞ்சம் சரக்கு வேணும்.

இம்தியாஸ் சாருக்கு ஒரு புகார் எழுதினேன். தனியா அனுப்பல, குரூப்லயே போட்டேன், பதினெட்டுப் பேரும் படிக்கட்டும்னு. குறைஞ்ச ஃப்ரேம்ல ஓட்டறவங்களுக்கு கேம் சலுகை குடுக்குது, பரிசோதனை வைக்கோணும், முடிவு எப்படி வந்தாலும் அதுக்குத் தக்கபடி விதிய மாத்தோணும், அத எல்லாரும் ஒத்துக்கோணும். என்ற கையால எழுதினேன். 'எப்படி வந்தாலும்'னு எழுதினது நான்தான்.

மெர்லின் கீழ ஒரே வரி போட்டுச்சு. "சரிண்ணா, வெச்சுப் பாத்துரலாம்."

சனிக்கிழமை மத்தியானம் இதே ரூம்லதான் வெச்சோம். என்ற மிஷின்ல எல்லா ஃப்ரேமும் வரும்னு நான்தான் கூப்புட்டேன். இம்தியாஸ் சார் வந்தாரு. மெர்லினும் வந்துச்சு, டிரைவிங் ஸ்கூல் வண்டியிலயே. வாசல்ல எல் போர்டு வண்டி நிக்குது, எதிர் வீட்டுக்காரரு வந்து, மோகன், வீட்ல யாராச்சும் கார் பழகறாங்களான்னு கேட்டுட்டுப் போறாரு. எப்படி இருந்திருக்கும் எனக்கு?

பரிசோதனை ரொம்பச் சுளுவு. நேர் ரோட்டுல வண்டிய நிறுத்தறது. யாரும் ஸ்டீயரிங்கத் தொடக் கூடாது. ஆக்சிலேட்டர முழுசா அமுத்தி விட்டுட்டு, ரோடு முடியறதுக்கு எத்தனை செகண்டு ஆகுதுன்னு பாக்கறது. ஒருக்கா வெறும் ரோட்டுல. ஒருக்கா இடது பக்கச் சக்கரம் ரெண்டும் ஓரத்துக் கட்டை மேல ஏறி ஓடற மாதிரி. கட்டைன்னா, டிராக் ஓரத்துல சிவப்பு வெள்ளை அடிச்சு மேடு மேடா இருக்குமில்ல, அது. முப்பதுல ஓட்டி, அறுபதுல ஓட்டி, நூத்தறுபத்தஞ்சுல ஓட்டிப் பாத்தோம்.

வெறும் ரோட்டுல மூணும் ஒண்ணுதான். கட்டை மேலதான் வித்தியாசம். இம்தியாஸ் சார் பேப்பர்ல எழுதிக்கிட்டே வந்தாரு, பேனாவ வெச்சுட்டு என்னையப் பாத்தாரு.

"மோகன், நீங்க சொன்னது சரி. கேம்ல ஃப்ரேமுக்குத் தகுந்த மாதிரி வண்டி மாறுது."

"நான்தான் சொன்னேனே சார்."

"ஆனா அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம். முப்பதுல கட்டை மேல ஏறினா வண்டி தூக்கிப் போடுது, வேகம் கொறையுது. நூத்தறுபத்தஞ்சுல கட்டையே இல்லாத மாதிரி வழுக்கிட்டுப் போகுது. டிராக்ல ஒம்பது எடத்துல கட்டை வருது. ஒரு சுத்துக்கு அரை செகண்டுக்கு மேல உங்களுக்குச் சும்மா கெடைச்சிருக்கு."

அரை செகண்டு. நான் கட்டை மேல ஏறி வளைவ வெட்டிப் போறதுல பேர் போனவன். மெர்லின் கட்டையத் தொடவே தொடாது, ஓரமா ஒதுங்கி ஒதுங்கிப் போகும். பயந்த சுபாவம்னு நான் குரூப்ல எழுதியிருக்கேன். சாரு என்ன சொல்றாருன்னா, நான் வெட்டறது தெறமையில்லையாம், ஃப்ரேமாம். நான் ஜெயிச்சதெல்லாம் அந்த அரை செகண்டுலதானாம். சொல்லல, ஆனா பார்வை அப்படித்தான் இருந்துச்சு. பாலிடெக்னிக் வாத்தியார் பார்வை, பெயிலான பேப்பரப் பாக்கற மாதிரி.

நான் கேட்டேன், அப்ப பழைய புள்ளியெல்லாம் என்னாகும்னு. சாரு யோசிச்சாரு. அதுக்குள்ள அந்தப் பொண்ணு, "பரவால்ல சார், அண்ணன் ஜெயிச்சது ஜெயிச்சதாவே இருக்கட்டும். இனிமே எல்லாருக்கும் ஒரே மாதிரி வெச்சுக்கலாம்"னு சொல்லுச்சு.

பாத்தீங்களா? அதுலயே தெரியலீங்களா? நியாயம் தன் பக்கம் இருந்தா எவங்களாவது புள்ளிய விட்டுக் குடுப்பாங்களா? உள்ளுக்குள்ள எனக்குத்தான் தெறமைன்னு அதுக்கே தெரிஞ்சிருக்கு. இதக் கோதைகிட்ட சொன்னேன், அவளுக்குப் புரியல. நீங்க புரிஞ்சுக்குவீங்க.

சரி, ஒரே மாதிரின்னா எத்தனை? எல்லார் கம்ப்யூட்டர்லயும் வரக் கூடிய நம்பரா இருக்கோணும். மெர்லின் கம்ப்யூட்டர்ல முப்பதுக்கு மேல நிக்காது. அதனால பதினெட்டுப் பேருக்கும் முப்பது. நான் எழுதின புகார வெச்சே, நான் எழுதின 'எப்படி வந்தாலும்'ங்கறத வெச்சே, என்னைய முப்பதுல கட்டிப் போட்டாங்க. லீக்ல ஒருத்தன் குரூப்ல என்ற பேர 'மோகன் 30'ன்னு மாத்தி எழுதினான். சிரிச்சுப் பதில் போட்டது பதினஞ்சு பேரு. எல்லாரையும் ஞாபகம் வெச்சிருக்கேன்.

அப்புறம் என்னங்க, தரைமட்டமாப் போச்சு. இவ்வளவு பெரிய மிஷின முப்பதுல ஓட்டினா எப்படி இருக்கும்? தலை சுத்துது, கண்ணு வலிக்குது. பிரேக் எடம் எங்க இருக்குன்னே தெரியல. படத்துக்கும் படத்துக்கும் நடுவுல ரோடே காணாமப் போகுது. ஒம்பதாவது ரேஸ்ல ஏழாவது வந்தேன். மெர்லின் முதல். பத்தாவது ரேஸ் நம்ம செட்டிபாளையம் பக்கத்து டிராக்தான், அதையே அளந்து கேம்ல யாரோ போட்டு வெச்சிருக்காங்க. அதுல நாலாவது வந்தேன். அந்தப் பொண்ணு முதல். ஒரு வாரம் முழுக்க நானும் எண்ணிப் பாத்தேனுங்க, யாருக்கும் தெரியாம. ஒண்ணு ரெண்டு, ஒண்ணு ரெண்டுன்னு. ரெண்டு வர்றதுக்குள்ள செவுத்துல போயி நிக்குது. அதெல்லாம் ஒரு வித்தையா? மளிகைக் கடையில தேங்காய் எண்ணற வேலை.

சீட்டு அந்தப் பொண்ணுக்குப் போச்சு. பழைய புள்ளி இருந்ததால நான் ரெண்டாவது. அஞ்சு சுத்து.

என்ற சீட்டுங்க அது. இருபத்தொரு வருசமா என்ற சீட்டு. எட்டுப் போடக் கத்துக் குடுக்கறவ வந்து உக்காந்துக்கிட்டா. மனசு விட்டுச் சொல்றேன், அன்னைக்கு இந்தக் கதவச் சாத்திக்கிட்டு அழுதேன். கோதை கதவத் தட்டினா, கண்ணுல தூசின்னு சொன்னேன்.

அஞ்சு சுத்துக்குப் போகாம இருந்திருக்கலாம். போனேன். ஏன்னா, நிஜ ரோட்டுல முப்பதும் இல்ல, கட்டிப் போடறதும் இல்ல. அங்க என்ற கண்ணு என்னன்னு காட்டிரலாம்னு போனேன். இந்தப் புதன்கிழமை காலையில. புதுசா கையுறை, ஷூ எல்லாம் வாங்கிட்டுத்தான் போனேன். மெர்லின் பழைய பேட்மிண்டன் ஷூவ மாட்டிக்கிட்டு வந்து நின்னுச்சு. அது முன்னாடியே இருபது சுத்து ஓட்டிட்டு எறங்கியிருச்சு. டீம்காரங்க அதச் சுத்தி நின்னு தலையத் தலைய ஆட்டிப் பேசிக்கறாங்க. தலையாட்டறதுக்கு என்ன, பூம்பூம் மாடும்தான் ஆட்டுது.

ஒத்தை சீட்டு வண்டி. படுத்த மாதிரி உக்காரோணும். முதல் சுத்து மெதுவா ஓட்டச் சொன்னாங்க, ஓட்டினேன். ரெண்டாவது சுத்துல நேர் ரோட்டுக்கு வந்தேன். அமுத்தினேன்.

எப்படிச் சொல்றதுங்க. அந்த வண்டி ஆடற ஆட்டத்துல ஒண்ணுமே ஒழுங்காத் தெரியல. ஹெல்மெட் கண்ணாடி நடுங்குது, ரோடு நடுங்குது, போர்டு ரெண்டு ரெண்டாத் தெரியுது. படம் விட்டு விட்டு வருது. அதான் உண்மை. எனக்கு அங்கயும் ஃப்ரேம் விழுந்துருச்சு. இருநூறு மீட்டர் போர்டு பாத்தேன். அடுத்து பாத்தா வண்டி மண்ணுல குறுக்கால நிக்குது, எஞ்சின் ஆஃப். நடுவுல வர வேண்டிய நூறு மீட்டர் போர்டு வரவே இல்ல. எவ்வளவு ஃப்ரேம் போச்சுன்னு பாத்துக்கோங்க. டீம்காரங்ககிட்ட பிரேக்குல ஏதோ கோளாறுன்னு சொன்னேன். குரூப்ல எஞ்சின் மிஸ்ஸிங்குன்னு போட்டேன்.

வண்டிய இழுக்க வந்த ஆளுங்களோட அந்தப் பொண்ணும் ஓடி வந்துச்சு. பக்கத்துல குனிஞ்சு, யாருக்கும் கேக்காத மாதிரி கேக்குது. "கண்ண மூடிட்டீங்களாண்ணா?"

நான் பெல்ட்டக் கழட்டற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன்.

"புதுசாப் பழகறவங்க நெறையப் பேரு மூடிக்குவாங்கண்ணா. எதிர்ல லாரி வந்தாப் போதும், டக்குன்னு மூடிருவாங்க. நான் பக்கத்துல இருந்து பிரேக் மிதிப்பேன். பத்து நாள்ல சரியாயிரும். காலையில ஆறரைக்கு ஒரு பேட்ச் ஃப்ரீயாதான் இருக்கு, நீங்க வேணும்னா வாங்க."

பாத்தீங்களா கொழுப்ப? என்னைய எல் போர்டு வண்டியில வந்து உக்காரச் சொல்லுது. பதினெட்டு வயசுல இருந்து வண்டி ஓட்டறவன் நான். நூத்தறுபத்தஞ்சு ஃப்ரேம்ல பழகுன கண்ணு இது. கண்ண மூடறதாம். ஜெயிச்சவங்களுக்கு எகத்தாளம் தானா வந்துரும். சீட்டும் வாங்கிட்டு, பரிதாபமும் காட்டோணுமா அது?

மத்த மூணு சுத்தும் வேண்டாம்னு எறங்கி வந்துட்டேன். அதோட இந்தச் சோலியே வேண்டாம்னு விளம்பரம் போட்டேன். அவ்வளவுதான். எதைக் குடுத்தாலும் முப்பதுக்கு எறக்கற கூட்டத்துக்கு நடுவுல இத வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?

என்னது? ஓட்டிக் காட்டோணுமா?

அதுவும் சரிதான். ஓடறதப் பாக்காம எப்படி வாங்குவீங்க. கொஞ்சம் நகந்துக்கோங்க. கட்டெல்லாம் அவுத்து விட்டாச்சு, முழு நூத்தறுபத்தஞ்சு. நம்ம டிராக்கையே போடறேன். நீங்க அந்தப் பச்சை நம்பர மட்டும் பாருங்க. என்னையப் பாக்காதீங்க, நம்பரப் பாருங்க. இம்மி கொறையாது.

பாருங்க, எப்படிப் போகுது. எண்ணெய் தேச்ச மாதிரி. இப்பக் கட்டை மேல ஏத்தறேன் பாருங்க, தூக்கிப் போடுதா? போடல. உங்க கல்யாண வீடியோவுல எவனாவது இப்படித் திரும்பியிருப்பானா? இது கடைசி வளைவு. இப்ப நேர் ரோடு. முழுசா அமுத்தறேன். இருநூறு மீட்டர் போர்டு அதா வருது. மத்தவன் இங்கயே மிதிச்சுருவான், நான் மிதிக்க மாட்டேன். இன்னும் போவேன். இன்னும்...

மோதிருச்சுங்களா.

சத்தம் கேட்டுச்சு. இருங்க, இருங்க. நம்பர் எத்தனை இருந்துச்சு? மோதறப்ப. விழுந்திருக்கும். அறுபதுக்கு வந்திருக்கும், முப்பதுக்குக் கூட வந்திருக்கும். இந்தக் கார்டு சூடானா அப்படிப் பண்ணும், உங்ககிட்ட முதல்லயே சொல்லியிருக்கோணும். எத்தனைங்க இருந்துச்சு? நீங்க பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க.

நூத்தறுபத்தஞ்சேவா.

ஒரு தடவை கூடக் கொறையலீங்களா.

நான் பாக்கலீங்க. புதன்கிழமையில இருந்து அந்த எடம் வந்தா கண்ணு தானா மூடிக்குது. இங்க, இந்த ஏசி ரூம்ல உக்காந்திருக்கப்பவே மூடிக்குது. நாலு நாளா இதேதான்.

ஒயரெல்லாம் பின்னாடி இருக்கு, நீங்களே கழட்டிக்கோங்க. ஸ்டீயரிங்குக்கு அட்டைப் பெட்டி அந்த மூலையில இருக்கு. கீழ எறங்கறப்பக் கோதை கேப்பா, ஏனுங்க இவரு விக்கறாருன்னு. கம்ப்யூட்டர் ஸ்லோவாயிருச்சுன்னு சொல்லிருங்க.